சிவப்பு பச்சை குழம்புகிறவன் கிளைடர் பறக்கலாமா? சேலம், ஏற்காடு பக்கம் பறப்பவர்கள் சொல்லுங்கள்

அம்மாபேட்டை நூல்

எல்லோருக்கும் வணக்கம். நான் சேலம் அம்மாபேட்டை, வயது 23, வீட்டில் தறி ஓடுகிறது. சின்ன வயதில் அப்பா அரக்கு நூல் எடுத்து வா என்றால் நான் இலைப்பச்சையைக் கொண்டு வந்து நீட்டுவேன். கவனம் பத்தாத பையன் என்று பேர் வந்ததே தவிர யாருக்கும் வேறெதுவும் தோன்றவில்லை. பிறகு ரயில்வே வேலைக்குத் தேர்வு எழுதித் தேறி, மருத்துவப் பரிசோதனையில் அந்தப் புள்ளிப் புத்தகத்தை விரித்தபோதுதான் தெரிந்தது, மற்றவர்களுக்கு அதில் எண்கள் தெரிகின்றன என்று. வேலை போச்சு. அது முடிந்த கதை, அதற்கு ஆறுதல் வேண்டாம்.

என் கேள்வி வேறு. ஏலகிரியில் ஒருமுறை டேண்டம் (பைலட்டோடு இருவராக) பறந்ததிலிருந்து தலைக்குள் வேறெதுவும் ஓடவில்லை. முதலில் பாராகிளைடிங் கோர்ஸ், பணம் சேர்ந்தால் புனே ஹடப்சர் போய் இறக்கை வைத்த கிளைடர் (எஞ்சின் இல்லாத விமானம்), இதுதான் கனவு. கண் விஷயத்தைச் சொன்னால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. சொல்லாமல் சேரலாமா? அந்தப் புத்தகத்தை நெட்டில் பார்த்து மனப்பாடம் செய்துகொள் என்கிறான் நண்பன்.

கொண்டைஊசி 20

தம்பி, சொல்லாமல் சேராதே. ஒழுக்கம் பற்றிப் பேசவில்லை, வாக்கிடாக்கியைப் பற்றிப் பேசுகிறேன். முதல் சில பறப்புகளில் கீழேயிருந்து இன்ஸ்ட்ரக்டர்தான் உன்னை ஓட்டுவார். "சிவப்பு ஓட்டுக் கூரைக்கு மேல் இடது திரும்பு", "முன்னால் போகிற பச்சை விங்குக்குப் பின்னாலேயே வா", இப்படித்தான் பேச்சு வரும், அவருக்கும் அவசரம். உனக்கு எந்தக் கூரை என்று தெரியாது, கேட்கவும் கூச்சப்படுவாய், அந்த இரண்டு விநாடியில் மரத்தில் மாட்டுவாய். முன்னாலேயே சொல்லியிருந்தால் "கோயிலுக்குப் பக்கத்து வீடு" என்பார், முடிந்தது.

மனப்பாடம் செய்யச் சொன்ன நண்பன் பறக்கிறானா? இல்லையென்றால் அவன் பேச்சை விடு.

ஐந்துரோடு கண்ணாடி

நான் பறப்பவன் இல்லை, கண் பரிசோதனை என் தொழில், மச்சான் பறக்கிறான் என்பதால் இந்தப் பக்கம் வந்து போகிறேன். தம்பி, "நிறக்குருடு" என்று ஒரே சொல்லில் நிறுத்தாமல், உனக்கு எந்த வகை, எவ்வளவு என்று முதலில் தெரிந்துகொள். நீ பார்த்தது இஷிஹாரா புத்தகம், ஜப்பானிய மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917-இல் வெளியிட்டது. குறை இருக்கிறதா என்று சலித்து எடுக்கத்தான் அது நல்லது. எவ்வளவு குறை என்று அது சரியாகச் சொல்லாது. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் காட்டினால் அதுவும் கெட்டது, பகல் வெளிச்சம் வேண்டும்.

குறை உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்கு, கண்ணில் நிறத்தை உணரும் கூம்பணுக்களில் பச்சைக்கானவைதான் கொஞ்சம் இடம் மாறி வேலை செய்யும், அதுதான் மிகச் சாதாரணமான வகை. சிவப்புக் கூம்பணுவில் குறை இருப்பவர்கள் குறைவு. ஆனால் அவர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு, சிவப்பு நிறம் குழம்புவதோடு நிற்காமல் மங்கியும் போகும், அடர்சிவப்பு கிட்டத்தட்டக் கறுப்பாகத் தெரியும். நீ எந்தப் பக்கம் என்பது பறப்பில் பெரிய வித்தியாசம் செய்யும் என்று நினைக்கிறேன், பறப்பவர்கள்தான் சொல்ல வேண்டும். அனோமலோஸ்கோப் என்று ஒரு கருவி, அல்லது கணினித் திரையில் நகரும் வண்ணச் சதுரத்தைக் காட்டிச் செய்யும் சோதனை, இவை அளவையும் சொல்லும். பெரிய கண் மருத்துவமனைகளில் விசாரி.

இன்னொன்று, இது அம்மா வழியாக வருவது. எக்ஸ் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. உன் தாய்மாமனையும் அம்மாவைப் பெற்ற தாத்தாவையும் விசாரித்துப் பார், அவர்களில் யாராவது அரக்கும் பச்சையும் குழம்பியிருக்கலாம். அப்பாவிடமிருந்து மகனுக்கு வராது, ஆகவே உன் அப்பாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நூல் என்றதும் ஞாபகம் வந்தது. 1875-இல் ஸ்வீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதின, அதற்கு நிறக் குறைதான் காரணமாக இருக்கும் என்று ஹோம்கிரென் என்ற பேராசிரியர் சொல்லி, ரயில்வே ஆட்களிடம் கம்பளி நூல்கண்டுகளைக் கொடுத்து நிறவாரியாகப் பிரிக்கச் சொல்லிச் சோதித்தார். விபத்துக்குக் காரணம் நிஜமாகவே அதுதானா என்பதில் இன்று சந்தேகம் உண்டு, ஆனால் ரயில்வேயில் நிறச் சோதனை பரவியது அதிலிருந்துதான். உன் அப்பா அதே சோதனையை அம்மாபேட்டையில் தெரியாமலேயே நடத்தியிருக்கிறார்.

அம்மாபேட்டை நூல்

தாய்மாமா! அவர் சிக்னலில் மேலே எரிகிறதா கீழே எரிகிறதா என்று பார்த்துத்தான் வண்டி ஓட்டுவார், அது அவர் பழக்கம் என்று விட்டுவிட்டோம். இன்று கேட்கிறேன்.

ஹடப்சர் ரிட்டர்ன்

கிளைடர் பக்கம் நான் சொல்கிறேன், பாராகிளைடிங் எனக்குத் தெரியாது, அந்தத் துணியில் தொங்க எனக்குத் தைரியம் கிடையாது.

காக்பிட்டில் நிறம் நிறையவே இருக்கிறது. மஞ்சள் குமிழ் இழுவைக் கயிற்றை விடுவிக்க, நீலக் கைப்பிடி ஏர்பிரேக் (இறங்க உதவும் தடுப்பு), பச்சை ட்ரிம் (வேகத்தை நிலையாக வைக்க), சிவப்பு கேனபியை (தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியை) அவசரத்தில் கழற்றி எறிய. உலகம் முழுக்க இதுதான் வழக்கம். கேட்டால் பயமாக இருக்கும். ஆனால் மஞ்சளும் நீலமும் சிவப்பு-பச்சைக் குறைக்காரர்களுக்கு நன்றாகப் பிரிந்து தெரியும், அடிக்கடி தொடுவதும் அவைதான். பச்சையும் சிவப்பும் குழம்பலாம், ஆனால் ட்ரிம் ஒரு இடத்தில், கேனபி வேறு இடத்தில், பிடியின் வடிவமும் வேறு. கண்ணைக் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றையும் தொட்டுச் சொல்லப் பழகு, நிறம் நன்றாகத் தெரிகிறவர்களுக்கும் இது வேண்டும். ஏனென்றால் ஏர்பிரேக் என்று நினைத்துச் சக்கர லீவரைப் பிடித்து ஆட்டிக்கொண்டே நீளமாகப் போய் இறங்கியவர்கள் எல்லா கிளப்பிலும் உண்டு, அவர்களில் யாருக்கும் கண் குறை இல்லை.

வேகமானியில் பச்சை வில், மஞ்சள் வில், சிவப்புக் கோடு. எண்ணை மனப்பாடம் செய், நிறத்தை மறந்துவிடு. மனப்பாடம் செய்ய வேண்டியது இது, புள்ளிப் புத்தகம் இல்லை.

எனக்கு நிஜமாகக் கவலை தருவது தரையில்தான். கிளைடரைத் தரையிலிருந்து இழுத்து மேலேற்றும் வின்ச் கேபிளில் போடும் வீக் லிங்க் என்று ஒரு சின்ன உலோகத் துண்டு, இழுவை அளவு மீறினால் அது முதலில் அறுந்து கிளைடரைக் காப்பாற்றும். டோஸ்ட் கம்பெனி துண்டுகளில் எது எவ்வளவு தாங்கும் என்பது நிறத்தில்தான் பிரிந்திருக்கிறது. பழுப்பு 850, சிவப்பு 750, நீலம் 600, வெள்ளை 500, மஞ்சள் 400, பச்சை 300 டெக்கா நியூட்டன். பழுப்பு, சிவப்பு, பச்சை மூன்றும் புழுதி படிந்து ஒரே டப்பாவில் கிடந்தால் உன் கண்ணுக்கு என்ன ஆகும் என்று யோசி. பச்சை மாட்ட வேண்டிய இடத்தில் சிவப்பு போனால், அறுந்திருக்க வேண்டிய நேரத்தில் அது அறுந்திருக்காது. ஆகவே அந்த வேலையை நீ தனியாகச் செய்யாதே, நிறத்தைச் சொல்லி இன்னொருவரிடம் சரிபார்த்து வாங்கு. இதை கிளப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லி வைத்துக்கொள்.

மருத்துவச் சான்று நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் கிளைடருக்கு மருத்துவச் சான்றே கட்டாயம் இல்லை, உடம்பு சரியில்லை என்று உனக்கே தெரிந்தால் பறக்கக் கூடாது என்பதோடு சரி. ஐரோப்பாவில் இரண்டாம் வகுப்புச் சான்றில் நிறப் பார்வை பத்தாதவர்களுக்குப் பகலில் மட்டும் பறக்கலாம் என்று கட்டுப்பாடு போட்டுக் கொடுக்கிறார்கள். கிளைடர் எப்படியும் வெயில் இருக்கும்வரைதான் பறக்கும், ஆகவே அங்கே அந்தக் கட்டுப்பாடு பெரிய இழப்பில்லை. இங்கே விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் சோதனை அறிக்கையோடு போய், பணம் கட்டும் முன்னால் கேட்டுவிடு. கிளப் நண்பர்கள் சொல்வதை, நான் சொல்வதையும் சேர்த்துத்தான், நம்பாதே.

ரன்வே 04

நான் மாற்றுக் கருத்து. எல்லோரும் தட்டிக்கொடுக்கிறீர்கள். 2002-இல் அமெரிக்காவில் டல்லாஹாசியில் போயிங் 727 சரக்கு விமானம் ஓடுபாதைக்கு முன்னாலேயே மரங்களில் இடித்து விழுந்தது. ஓட்டிய துணை விமானிக்கு நிறப் பார்வைக் குறை. ஓடுபாதை ஓரத்தில் நான்கு விளக்குகள் சிவப்பாக எரிந்து ரொம்பத் தாழ இருக்கிறாய் என்று சொல்லிக்கொண்டே இருந்தன. விசாரணை அறிக்கையில் அந்தக் குறையும் காரணங்களில் ஒன்றாக எழுதப்பட்டிருக்கிறது. விதிகள் சும்மா வரவில்லை.

ஹடப்சர் ரிட்டர்ன்

சார், உண்மை. அதே அறிக்கையில் களைப்பும் இருக்கிறது, காக்பிட்டில் மற்ற இருவரும் கண்காணிக்கவில்லை என்பதும் இருக்கிறது. விடியும் முன் இருட்டு, வெளியே வேறெந்த அடையாளமும் இல்லாத நேரம், சிவப்பா வெள்ளையா என்பது ஒன்றே தகவல். நிறம் மட்டுமே தகவலாக இருக்கும் இடத்தில் இந்தக் குறை ஆபத்து, அதில் உங்களோடு ஒத்துப்போகிறேன். பட்டப்பகலில் வயலில் இறங்கும் கிளைடரில் அப்படிப்பட்ட இடம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கைவிரல்கள் போதும்.

ஒன்று மட்டும் நானே சேர்க்கிறேன். ரேடியோ செத்துப்போய் டவர் இருக்கும் விமான நிலையத்தில் இறங்க வேண்டி வந்தால் டவரிலிருந்து நிற வெளிச்சம் காட்டும் விளக்குத் துப்பாக்கியில் நிலையான பச்சை காட்டினால் இறங்கலாம், நிலையான சிவப்பு என்றால் வழிவிட்டுச் சுற்றிக்கொண்டே இரு, மின்னும் சிவப்பு என்றால் இறங்காதே. அங்கே தம்பிக்கு வழி இல்லை. அதனால் சேலம் விமான நிலையம் இருக்கும் கமலாபுரம் பக்கம் போகவே போகாதே, நிறம் தெரிந்தவனும் அனுமதி இல்லாமல் அங்கே போகக் கூடாது.

ரன்வே 04

பகல், டவர் இல்லாத இடம் என்றால் சரி. இரவு என்று யாராவது பேச ஆரம்பித்தால் மறுபடி வருவேன்.

காபிக்காரி

ஏற்காட்டிலிருந்து. பாராகிளைடிங் பக்கம் யாரும் விஷயத்துக்கு வரவில்லை, அதனால் நான்.

தம்பி, முதலில் உன் ரிசர்வ் (அவசரப் பாராசூட்) கைப்பிடி. பெரும்பாலான ஹார்னெஸில் (உட்கார்ந்து பறக்கும் கச்சையில்) அது சிவப்பு. கறுப்பு அல்லது அடர்சாம்பல் ஹார்னெஸில் சிவப்புக் கைப்பிடி, உனக்கு அந்தச் சிவப்பு மங்கும் வகைக் குறை என்றால் கைப்பிடி காணாமலே போகும். விங் சுருண்டு சுழலும்போது தேட நேரம் இருக்காது. வெள்ளை டேப் சுற்று, ஆனால் ரிசர்வைப் பூட்டும் ஊசி மாட்டும் இடத்தில் படாமல், ரிசர்வ் மடித்துக் கொடுப்பவரிடம் காட்டிவிட்டுச் சுற்று. ஒவ்வொரு பறப்பிலும் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் பார்க்காமல் கையால் போய் ஒருமுறை தொட்டுக்கொள், நான் இன்றும் செய்கிறேன்.

அடுத்தது வரிகள், துணி இறக்கையான விங்கிலிருந்து கீழே வரும் கயிறுகள். ஏ, பி, சி வரிகளுக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு நிறம் போடுவார்கள். சில ஹார்னெஸில் இடம் சிவப்பு, வலம் பச்சை, இதைக் கண்டுபிடித்தவனைக் கூப்பிட்டுத் தம்பியிடம் உட்கார வைக்க வேண்டும். ரைசரை (வரிகள் சேர்ந்து ஹார்னெஸில் மாட்டும் பட்டையை) முறுக்கி மாட்டிக்கொள்வதற்கு நிறக் குறையே வேண்டாம், அரட்டை அடித்துக்கொண்டே மாட்டினால் போதும். ஆகவே வரியை மேலே வரை விரலால் ஓட்டிப் பார்.

காற்றின் திசை காட்டும் காற்றுப்பையை ஆரஞ்சு நிறத்தில் கட்டுகிறார்கள், பின்னால் பச்சைக் காடு. எனக்குக் கண்ணைக் குத்தும், உனக்கு மரத்தோடு கலந்துவிடும். உன் கோர்ஸ் நடக்கும் இடத்தில் வெள்ளையோ நீலமோ கட்டச் சொல். நூறு ரூபாய்த் துணி, யாரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். அதுவரை புகையைப் பார், குளத்துத் தண்ணீரில் எந்தக் கரை அலையில்லாமல் இருக்கிறது என்று பார், காற்று அந்தக் கரையிலிருந்துதான் வருகிறது. தெளிவான நாளில் மேட்டூர் அனல் மின் நிலையப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தூரத்திலிருந்தே தெரியும், அது அந்த உயரத்துக் காற்று, உன் வயலில் வேறாக இருக்கலாம்.

கொண்டைஊசி 20

அக்கா சொன்னதோடு வயலைச் சேர்க்கிறேன். சேர்வராயன் மலையிலிருந்து சமவெளி ஆயிரத்து இருநூறு மீட்டருக்கு மேல் கீழே, தெர்மல் (சூடாகி மேலெழும் காற்று) கிடைக்காவிட்டால் எங்காவது இறங்கித்தான் ஆக வேண்டும். சரிவு முழுக்கக் காபியும் சில்வர் ஓக்கும், அங்கே இடமே கிடையாது. கீழே வந்தால் மரவள்ளி, கரும்பு, மஞ்சள், சோளம், நடுவில் அறுவடை ஆன கட்டாந்தரை. பச்சையாக இருந்தால் பயிர், பழுப்பாக இருந்தால் காலி என்று நாங்கள் நிறத்தை வைத்துப் பிரிப்போம். தம்பியால் அது முடியாது.

ஆனால் நிறம் எங்களையும் ஏமாற்றும். முற்றிக் காய்ந்த சோளம் மேலிருந்து பழுப்பாக, காலி வயலைப் போலவே தெரியும், கிட்டே வந்தால் ஆள் உயரம். நிழலைப் பார்க்க வேண்டும். வரப்பு ஓரத்தில் பயிர் நிழல் விழுந்தால் உயரம் உண்டு. மரவள்ளி மேலிருந்து கொப்புளம் கொப்புளமாக, நிலக்கடலை வழவழப்பாக. ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி காயப்போடும் வெள்ளைக் களங்கள் பளிச்சென்று கூப்பிடும், இறங்காதே, அது சிமெண்ட், அது மட்டுமில்லாமல் ஒருத்தருடைய ஒரு நாள் சம்பாத்தியம் அதில் காய்கிறது.

மின்கம்பி யாருக்கும் தெரியாது. கம்பத்தைத் தேடு, இரண்டு கம்பங்களுக்கு நடுவில் கம்பி உண்டு என்று நம்பு. மேட்டூரிலிருந்து கிளம்பும் உயர் அழுத்தக் கோபுர வரிசைகளை வரைபடத்தில் முதல்நாளே பார்த்து வை.

தெர்மல் தேட நிறம் வேண்டவே வேண்டாம். மேகத்தின் அடி எங்கே தட்டையாக, இருண்டு இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தால் போதும், பருந்து எங்கே சிறகடிக்காமல் சுற்றுகிறது என்று பார்த்தால் அதைவிட நல்லது. ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று காட்டும் வேரியோ கருவி சத்தத்திலேயே சொல்லிவிடும். வெறும் பாறையும் காய்ந்த தரையும் சூடேறி மேலே தள்ளும், மாக்னசைட் வெட்டிய வெள்ளைத் திட்டுகள் வெயிலை நிறையத் திருப்பி அனுப்பும், இதெல்லாம் வெளிச்ச வித்தியாசம். ஏப்ரல் மே மாதம் மதியத்துக்கு மேல் மேகம் காளான் மாதிரி மேலே மேலே எழும்பினால் தெர்மல் நன்றாக இருக்கிறது என்று சந்தோஷப்படாமல் கீழே வந்துவிடு, அது இடிமழை.

மேட்டூர் புகை

என்னை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், 56 வயதில் நிறம் எல்லாம் நன்றாகத் தெரிகிறது, வேரியோவில் இருக்கும் எண்தான் தெரியவில்லை. தூரப் பார்வை கழுகு, கைநீளத்தில் இருப்பது மங்கல். வாசிப்புக் கண்ணாடி போட்டால் வயல் மங்குகிறது, கழற்றினால் கருவி மங்குகிறது. வெயிலுக்காக வாங்கிய போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டு ஒரு பக்கம் தலையைச் சாய்த்தால் திரையே கறுப்பாகிறது, கருவி செத்துவிட்டது என்று பதறிப்போனேன். உங்களில் யாராவது இதற்கு வழி கண்டுபிடித்திருக்கிறீர்களா?

இரண்டாவது, கேட்கக் கூச்சமாக இருந்தாலும் எல்லோருக்கும் உள்ளது. மேலே சிறுநீர் வந்தால் என்ன செய்கிறீர்கள்? நான் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் போகிறேன்.

காபிக்காரி

அண்ணா, அதை முதலில் நிறுத்துங்கள். சேலம் ஏப்ரல் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் மேலே போனால் தலை கிறுகிறுக்கும், முடிவு எடுப்பது மந்தமாகும், அது தம்பியின் கண்ணைவிடப் பெரிய ஆபத்து. ஆண்களுக்கு உறை மாதிரி மாட்டி குழாயைக் காலோடு விட்டுக் கீழே திறந்துவிடும் ஏற்பாடு மருந்துக் கடையிலேயே கிடைக்கும். பெண்களுக்கு அதுவும் இல்லை, பெரியவர்கள் டயப்பர்தான், நான் அதைத்தான் கட்டுகிறேன், வெட்கம் எல்லாம் முதல் தடவையோடு போய்விட்டது. ரத்த அழுத்த மாத்திரை எடுக்கிறவர்கள் அதில் நீர் பிரியச் செய்யும் மருந்து இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆயுள் காப்பீட்டையும் எடுத்துப் படியுங்கள். சாகச விளையாட்டுக்கு விலக்கு என்று பொடி எழுத்தில் இருக்கும். பறப்பதைச் சொல்லாமல் எடுத்த பாலிசி வீட்டில் இருப்பவர்களுக்கு உதவாது.

ஐந்துரோடு கண்ணாடி

மேட்டூர் அண்ணனுக்கு: போலரைஸ்டு வேண்டாம், சாதாரண புறஊதா தடுப்புக் கண்ணாடி போதும், எல்சிடி திரையும் போலரைசர் வைத்துத்தான் வேலை செய்கிறது, இரண்டும் குறுக்கே நின்றால் இருட்டு. வெள்ளெழுத்துக்குக் கீழ்ப்பகுதியில் மட்டும் பவர் வைத்த கண்ணாடி செய்யலாம்.

நிறம் நன்றாகத் தெரிகிறது என்றீர்கள். கண்புரை ஆரம்பித்தால் லென்ஸ் மஞ்சளாகும், நீலம் மெதுவாக வடியும், நமக்கே தெரியாது. காசநோய்க்குக் கொடுக்கும் எதாம்பியூட்டால் மாத்திரை சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதித்துச் சிவப்பு-பச்சையைக் குழப்பும். பிறவியில் வந்த குறை மாறாது, அதனால் பழகிக்கொள்ளலாம். நடுவில் வந்த குறை என்றால் பறப்பதை நிறுத்திவிட்டு உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

தம்பிக்கு ஒரு எச்சரிக்கை. நிறம் தெரியவைக்கும் கண்ணாடி என்று விளம்பரம் வரும், விலையும் அதிகம். சில நிறங்களுக்கு நடுவில் வித்தியாசத்தைக் கூட்டிக் காட்டும், அவ்வளவுதான், குறையைத் தீர்க்காது. மருத்துவச் சோதனையில் அதைப் போட விடமாட்டார்கள், வானத்தில் வெளிச்சத்தையும் குறைக்கும்.

அம்மாபேட்டை நூல்

எல்லோருக்கும் நன்றி. மாமாவும் அதேதான், அவரும் புத்தகத்தில் ஒன்றையும் படிக்கவில்லை, அம்மா சிரித்துவிட்டுப் பிறகு அழுதாள். பாராகிளைடிங் இன்ஸ்ட்ரக்டருக்குப் போன் செய்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். "சரி, அப்போ உனக்குத் திசையில் பேசுறேன், நிறத்தில் பேசமாட்டேன்" என்றார், வேறெதுவும் கேட்கவில்லை. கண் அளவுச் சோதனைக்குக் கோயம்புத்தூரில் நாள் வாங்கியிருக்கிறேன். டேப் வெள்ளையா மஞ்சளா? இங்கே கடையில் மஞ்சள்தான் இருக்கிறது.

காபிக்காரி

கறுப்பு ஹார்னெஸ் என்றால் மஞ்சளும் போதும். ஓர் ஆளைக் கூப்பிட்டு, ஹார்னெஸை மாட்டிக்கொண்டு கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லி, நீ போட்டோ எடுத்து மொபைலில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பார். அதிலும் தனியாகத் தெரிந்தால் சரி.

மேட்டூர் புகை

கண்ணாடி டாக்டர், ஞாயிறு கடை திறந்திருக்குமா? அன்றைக்குத்தான் சேலம் வர முடியும்.

ஐந்துரோடு கண்ணாடி

ஞாயிறு இல்லை அண்ணா, திங்கள் காலை வாங்க. வேரியோவையும் ஹார்னெஸின் முன்பலகையையும் கையோடு எடுத்து வாங்க, உட்கார வைத்துக் கண்ணிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்தால்தான் பவர் எழுத முடியும்.